நூறில் நான்கு பங்கு

த்ரமெலானில் ஏலம். மழை.
மூடிய கடிகாரத் தொழிற்சாலையின் பின்கொட்டகையில்
நூற்றுப்பத்துக் கிலோ இரும்பை
யாரும் விலை கேட்கவில்லை.
கூரை ஒழுகுவதை எண்ணிக்கொண்டிருந்த நான்
கையைத் தூக்கிவிட்டேன்.

மேசை லேத்.
மேலே பச்சை, அதனடியில் சாம்பல்,
அதனடியில் வேறொரு பச்சை.
"மூன்று முதலாளிகள்" என்றார் எத்மே வுமார்,
பக்கத்து வீட்டுக்காரர், கதவைப் பிடித்துக்கொண்டு.
"பெயின்ட் அடிக்க எல்லோருக்கும் தெரிந்தது.
எண்ணெய் விட ஒருவருக்கும் தெரியவில்லை."

பகலில் நான் பல் மருத்துவரின் உதவியாள்.
தேய்ந்த கொக்கிகளை அவர் எறிவார்,
நான் வீட்டுக்கு எடுத்துவருவேன்.
மரைகளின் இடுக்கில் கல்லாகிப்போன கிரீஸை
அவற்றால்தான் சுரண்டினேன்.
வலிக்கிறதா என்று இரண்டு முறை
வாய்தவறிக் கேட்டிருக்கிறேன்.

குறுக்குத் திருகின் நட்டு இடமரை என்று
எனக்குத் தெரியாது.
குழாய் மாட்டி நெம்பினேன்.
டக்.
அந்த வாரம் நான் யாரோடும் பேசவில்லை.

தலைப்பெட்டியைத் தூக்கியபோது
அடியில், சரிவான முகத்தின் பின் மூலையில்,
எண்ணெய் ஊறிக் கண்ணாடியாகிவிட்ட
ஒரு காகிதத் துண்டு.
எவனோ சோம்பேறி, என்றேன்.
பழைய செய்தித்தாள்களோடு போட்டேன்.

மண்ணெண்ணெய், பித்தளைத் தூரிகை, நான்கு மாதம்.
புதுப் பட்டை மாட்டி ஓட்டிய இரவு
அது பூனையைப் போல் உறுமியது.
ஓர் எஃகுத் தண்டைப் பூட்டிக் கடைந்தேன்.
சீவல் வெள்ளிச் சுருளாக இறங்கி
என் செருப்பைத் தொட்டது.
அளந்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
நூறில் எட்டுப் பங்கு மில்லிமீட்டர்.

மயிரிழையில் தப்பினேன் என்கிறார்கள்.
மயிரிழை என்ன சின்னத் தூரமா?
கைக்கடிகாரத்தின் அச்சு
அதற்குள் குடித்தனம் நடத்தும்.

இரண்டு முறை பிரித்தேன், இரண்டு முறை பூட்டினேன்.
அதே எட்டு.
பிறகுதான் அந்த மூலை நினைவுக்கு வந்தது.
மணி பதினொன்று.
காலையில் பழந்தாள் வண்டி வரும் நாள்.
கட்டுகள் எல்லாம் தெருவோரத்தில்.

டார்ச்சைப் பல்லில் கடித்து, மண்டியிட்டு,
நானே கட்டிய சணலை நானே அறுத்தேன்.
எத்மேவின் சன்னல் திறந்தது.
"என்ன தொலைந்தது?"
"ஒரு மூலை."
சன்னல் மூடிக்கொண்டது.

தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் ஒட்டிக் கிடந்தது.
விளக்கில் பிடித்தால் எழுத்து தெரிந்தது:
பனிச்சறுக்கு மலையேற்றி, அரைநாள், ஒரு நபர்,
12 பிப்ரவரி 1974.
மைக்ரோமீட்டரில்: நூறில் நான்கு.
நாட்காட்டியில்: செவ்வாய்.

வேலைநாள்.

காய்ச்சல் என்று சொல்லியிருப்பான்.
அல்லது பல்வலி, அதை யாரும் சோதிப்பதில்லை,
என் தொழிலில் எனக்குத் தெரியும்.
மூக்கு சிவக்க மலையிலிருந்து இறங்கி
புதன் காலை எந்திரத்தின் முன் நின்று
தகடு தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டவனுக்கு
சரியான கனத்தில் அகப்பட்டது
நேற்றைய தினம்.

பழைய மடிப்பு மாறாமல், அதே மூலையில் வைத்தேன்.
நான்கு போல்ட்டுகள். மறுபடி எஃகு. மறுபடி அளவு.
இரண்டு முனையும் ஒரே பேச்சு.

காலையில் எத்மே படியில் மறித்தார்.
மூலை கிடைத்ததா என்றார்.
கிடைத்தது என்றேன்.
என்ன மூலை என்றார்.
அதைச் சொல்லவில்லை.
அந்தத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம்
வருகைப் பதிவேடு எழுதியவர் அவர்.