பதினாலாவது கிலோமீற்றர்

நாலரை மணி. மரைன் டிரைவில்
கடல் இன்னும் சத்தம் மட்டும்தான்.
இடது பெருவிரல் நகம் போன கிழமை கறுத்தது,
தொட்டால் பால்பல் மாதிரி ஆடுகிறது.

பம்பலப்பிட்டி வரை உடம்பு சொல் கேட்கும்.
கொள்ளுப்பிட்டியில் கேள்வி கேட்கத் தொடங்கும்.
காலிமுகத்திடலில் காற்று
ஈரத் துவாயாய் முகத்தில் விழ
திரும்பு என்கிறது முழங்கால்.
திரும்பத்தான் வேண்டும்,
வீடு அந்தப் பக்கம்.

அடுத்த விளக்குக்கம்பம் மட்டும்.
பிறகு அந்தப் படுத்திருக்கும் நாய் மட்டும்.
நாய் எழும்பிப் போய்விடுகிறது.

பாணந்துறை ரயிலின் மிதிபலகையில் தொங்கியவன்
சிங்களத்தில் ஏதோ கத்திப் போனான்.
நல்லதென்றே எடுத்துக்கொண்டேன்.

இடுப்புப் பையில் திறப்பு, குளுக்கோஸ்,
பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டை.
இப்போது ஒருவரும் மறித்துக் கேட்பதில்லை.
ஒருநாள் அதை வைத்துவிட்டு ஓடிப் பார்த்தேன்:
இரண்டாவது கிலோமீற்றரிலேயே
மூச்சு வாங்கியது.

பதினாலு.
வெள்ளவத்தை. என் ஒழுங்கை.
மூன்றாம் மாடியில் குசினி லைட் எரிகிறது,
சுகிர்தன் கேத்தில் வைத்திருப்பார்.
இரண்டு கால்களும் ஒன்றாக
வலப்பக்கம் பார்க்காதே என்கின்றன,
பார்த்துக்கொண்டே.

தெகிவளைப் பக்கம்
இன்னும் ஏழு.