ஆறாவது கட்டம்

கச்சேரி இருப்பது கோட்டைக்குள்.
சுவரின் தடிப்பைத் தாண்டி வெயில் வர
ஒன்பதரையாகும்.
அதற்கு முன்பே வந்து நின்றார் ஹெக்டர் பல்தசார்,
கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இடக்கையில் கோப்பு.
வலக்கை தோளுக்கு மேல் எழாது.
அது புளியந்தீவுக்கே தெரியும்.

ஓய்வூதியப் படிவம், ஆறாவது கட்டம்:
வகித்த பதவிகள், ஆண்டு வாரியாக.

"எழுதுங்க தம்பி. நாற்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்தேழு.
கொழும்பு, தேயிலைக் கம்பனி.
மூன்றாந்தர எழுதுவினைஞர்."

எழுதினேன்.

அந்தக் கந்தோரில் அவர்
ஒரு பெட்டித் தேயிலையைக்கூட எண்ணியதில்லை.
மாதம் தொண்ணூறு ரூபா, கையொப்பம் வைத்து.
விக்கெட்டுக்கு ஐந்து ரூபா, கையொப்பம் இல்லாமல்,
சனிக்கிழமை பொழுதுபட, சிகரெட் பெட்டிக்குள் மடித்து.
காசுக்கு ஆடுகிறவனோடு கனவான்கள் ஆடமாட்டார்கள்;
ஆகவே அவருக்கு ஒரு மேசை கொடுத்தார்கள்,
மேசைமேல் ஒரு மைக்கூடு.
எட்டு வருசமாக மை காய்ந்தது.

ஒரு சனிக்கிழமை எட்டுப் பேர்.
நாற்பது ரூபாவும் மணியோடராக ஊருக்கு வந்தது.
சப்பாத்துத் தைக்கிற தகப்பன்
வாயில் கவ்விய நூலை எடுத்துவிட்டுத்
தபால்காரனைக் கேட்டாராம்:
"பேனா பிடிக்கிறதுக்கா இவ்வளவு?"

ஐம்பத்தேழு மார்கழி.
ஓவரின் மூன்றாம் பந்து.
தோளுக்குள் தேங்காய் உரித்த மாதிரி ஒரு சத்தம்,
நடுவருக்கும் கேட்டதாம்.
தை பிறந்ததும் கம்பனி கணக்குப் பார்த்தது:
எழுத்தர்கள் அதிகம், ஒருவரைக் குறைக்கவேணும்.

"மறுகா?"
"மறுகா இங்கதான். கல்லூரியில
ஆய்வுகூட உதவியாளர்."

பயிற்றுநர் என்றொரு பதவிக்கு
அரசாங்கத்தில் சம்பளத் தலைப்பு இல்லை.
ஆய்வுகூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.
அமிலப் போத்தலைத் தொட அவருக்குப் பயம்;
சோதனைக் குழாய்களைப் பெடியன்கள் கழுவினார்கள்.
தராசை மட்டும் அவர் யாருக்கும் விடவில்லை.
பழைய பந்துகளை அதில் நிறுத்து
நிறையைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்தார்.
நூற்றைம்பத்தாறு கிராமுக்குக் கீழே போனால்
"இது தோடம்பழம், தின்னுங்கடா."

மூன்றரைக்குக் கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடிப்பார்கள்.
ஓடிவரும் பதினோர் அடியையும்
வீட்டுப் போத்துக்கீசில் எண்ணுவார்.
விக்கெட்டுக்குப் பின்னால் கண்ணை மூடி நின்றே
சொல்லிவிடுவார், பந்து எங்கே விழுந்ததென்று.
பாராட்டு என்றால் ஒரு செருமல்.
அதுவும் சளியா பாராட்டா என்று
ஒருவனுக்கும் நிச்சயமில்லை.

அறுபத்தொன்பதில் நான் எதிர்க் கல்லூரி.
நாற்பத்தொரு ஓட்டத்துக்குள் எங்கள் கதை முடிந்தது.
என் நடு ஸ்டம்பின் பாதி
அவர்களுடைய அதிபரின் அலுமாரியில் இருந்ததாகக் கேள்வி.
அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

"நியமனக் கடிதம்?"
"சூறாவளி."
"சம்பளப் பதிவேடு?"
"தம்பி, எழுபத்தெட்டில கூரையே போச்சு.
தராசு கிடைச்சது, வாவிக்கரையில,
ஒரு தட்டோட."

"செய்த வேலைக்கு அத்தாட்சி வேணும் ஐயா."

"எந்த வேலைக்கு?" என்றார்.

நான் பேனையை மூடினேன், திறந்தேன்.
மேலே மின்விசிறி.
வரிசையில் பின்னால் நின்ற மனுசி
குடையை மறு கைக்கு மாற்றினாள்.

அவர் என் மேசையில் கிடந்த
கண்ணாடிக் காகிதப் பாரத்தை எடுத்தார்.
சுட்டுவிரலும் நடுவிரலும்
இல்லாத தையலின் இரு கரையில்,
பெருவிரல் அடியில்.
இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கி
தோள் விட்ட மட்டும் உயர்த்தினார்.

பதினான்கு பேரின் ஓய்வூதியம்
அறை முழுக்கப் பறந்தது.
பியோன் ஓடினான், மனுசி ஓடினாள்.

நான் ஒன்றையும் பிடிக்கவில்லை.
என் கண் அந்த விரல்களில் இருந்தது.
கதிரைக்குள், மேசைக்கடியில்,
என் வலக்கால் தானாகப்
பின்னால் போயிருந்தது.