ஆறாவது பிளக்

பட்டாளத்து ஏலத்தில் வந்த நிசான்.
பச்சை உதிர்ந்த இடத்திலெல்லாம்
நாங்கள் அடித்த வேறொரு பச்சை.
செருப்பாலூர் வளைவில் வரும்போதே
குலசேகரம் சந்தைக்குத் தெரிந்துவிடும்
ஜஸ்டஸும் நானும் வருகிறோம் என்று.
ஆறு சிலிண்டர், பெட்ரோல்.
டீசல் எஞ்சின் ஏற்றச் சொல்லாத ஆளில்லை.

பிளக் வாங்கப் போனேன்.
"ஆறு சிலிண்டருக்கு அஞ்சா?"
கடை ரசாலம் விரல் விட்டுக் காட்டினார்.
அஞ்சு போதும் என்றேன்.

இன்று ஞாயிறு. ஜஸ்டஸ் ஆராதனைக்குப் போயிருக்கிறான்.
ரப்பர் ஷீட் குடோனுக்குப் பின்னால்
வண்டியின் வாயைத் திறந்து கம்பு கொடுத்தேன்.
எஞ்சின் ஆறிக் கிடந்தது.
சைக்கிள் பம்பால் ஊத
பிளக் குழிகளிலிருந்து கோதையாறு ரோட்டுச் செம்மண்,
ஒரு கட்டெறும்பு,
ரப்பர்க் கொட்டையின் ஓட்டுத்துண்டு.

வயர் மாறினால் பின்வழியாக வெடிக்கும்.
ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு.
எட்டாம் வாய்ப்பாடு வராத எனக்கு
இது தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

முதலாவது, ஸ்பானருக்கு முனகிவிட்டு இளகியது.
நுனியில் காப்பிப்பொடி நிறம். நல்ல எரிப்பு.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது கரி.
நான்காவது எண்ணெயில் நனைந்திருந்தது:
ரிங் தேய்ந்திருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும்,
மழை கழியட்டும்.
ஐந்தாவது சுண்ணாம்பு தடவினதுபோல்.

ஆறாவது, கேபின் தகட்டோடு ஒட்டி இருக்கும்.
கை போகாது.
போகாது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனிச் சாரலில்
இதே இடத்தில், இதே ஸ்பானரோடு
ஐந்தை மாற்றிவிட்டு அதைத் தொட்டேன்.
அசையவில்லை. விரல்முட்டித் தோல் உரிந்தது.
இருட்டிவிட்டது.
விடிந்தால் கீரிப்பாறையில் தடி லோடு.
"ஆறையும் மாத்தியாச்சா டே?"
"மாத்தியாச்சு."

அதன்பிறகு பேச்சிப்பாறை ஏற்றத்தில்
அது நொண்டும்போதெல்லாம்
ஜஸ்டஸ் பெட்ரோல் பங்கைத் திட்டினான்.
பங்கை மாற்றினோம்.
காயிலை மாற்றினோம், கண்டன்சரை மாற்றினோம்.
மார்த்தாண்டத்து மேஸ்திரி ஒருவர்
கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டி
மூவாயிரத்து எண்ணூறு வாங்கினார்.
அவன் பாதி, நான் பாதி.
என் பாதியை எண்ணிக் கொடுத்தபோது
கை நடுங்கவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன்.
சாயா குடித்தேன்.
கோயில் மைக்கில் ஜெபம் நீண்டுகொண்டிருந்தது.
ஸ்பானரில் ஜாக்கிக் கம்பி கோர்த்து
முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரளவு,
பிறகு இளக்கும் பக்கம்.
மறுபடி இறுக்கம், மறுபடி இளக்கம்.
கிறீச்சென்று ஒரு சத்தம்.
உடைந்தது பிளக்கா, ஹெட்டில் மரையா?
உயிர் வயிற்றுக்குள் இறங்கியது.
ஒன்றும் உடையவில்லை.
அரை மணிநேரம் கால்கால் சுற்றாக வந்தது.

பட்டாளத்தில் போட்டது.
தலையில் அவர்களுடைய பச்சை இன்னும் இருக்கிறது.
நுனி தின்றுபோய்
இடைவெளியில் நகம் நுழைந்தது.
எந்தப் பனிமலையிலோ பற்றத் தொடங்கியதை
நான்தான் கோதையாறு வரை
பற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டூல் பெட்டியின் அடியில்
செய்தித்தாளில் சுற்றிய ஒன்று இருக்கிறது.
அன்று வாங்கிய ஆறாவது.
நாலு வருஷமாய் என் சீட்டுக்குக் கீழே
எல்லா ஏற்றமும் ஏறியது.
ஒரு பொறி கண்டதில்லை.
கேஜ் விட்டுப் பார்த்து
விரலாலேயே மரை பிடித்தேன்.
சட்டென்று பிடித்தது, வெட்கமாயிருந்தது.

திங்கள். ஷீட் லோடு. பேச்சிப்பாறை ஏற்றம்.
வண்டி நொண்டவில்லை.
ஜஸ்டஸ் காதைக் கொடுத்துக் கேட்டான்,
பிறகு டேஷ்போர்டை ஓங்கித் தட்டினான்.
"பாத்தியா டே, மார்த்தாண்டத்து மேஸ்திரிக்க கை!
வைகினாலும் பிடிச்சுட்டு பாரு."

சீட்டுக்கு அடியில், அதே செய்தித்தாளில்
பழையது உருண்டு டூல் பெட்டியில் இடித்தது.
எப்போதும் இரண்டுக்கு இறங்கும் வளைவில்
மூன்றாம் கியரிலேயே விட்டேன்.