மண்டி

ஏரி நீரில் படிகாரத்தைக் கரைத்தால்
கலங்கலெல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு
அடியில் இறங்கும்.
மேலே நிற்பது ஊருக்கு.
கீழே நிற்பது எனக்கு.

பதினோரு வருடம் குப்பைமேட்டில் கொட்டினேன்.
'ஒரிதோ வந்தாச்சு' என்று
காவலாள் காகங்களுக்குச் சொல்வான்.
பிழிந்து உலர்த்திய சேறு,
பிண்ணாக்குபோல் உடையும். நாற்றம் கிடையாது.
அதனாலேயே அதைப் பற்றி யாரும்
ஒரு சண்டைகூடப் போட்டதில்லை.

போன மார்ச்சில் சீட்டில் முகவரி மாறியிருந்தது:
தொத்தோரி, மணற்குன்றுகளுக்குத் தெற்கே,
குராமோச்சி மிசாவோ, புல் வயல்.
அந்த அம்மாள் ஒரு கட்டியை எடுத்து
இரண்டாக விண்டு, முகர்ந்து,
'ம்' என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.
பெய்ததை நிறுத்தாத மணல் அவருடையது.
பிடித்ததை விடாத சேறு என்னுடையது.

ஜூனில் புல் ஊதாவாக வந்தது.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தொகுஹிசா வந்தான்,
சட்டைப்பையில் நாலு பேனா.
மணிச்சத்து மண்ணில் இருக்கிறதாம்.
படிகாரம் அதைக் கைக்குள் மூடிக்கொண்டு
வேருக்குத் தரமாட்டேன் என்கிறதாம்.

பிடிக்கத்தானே அதை வாங்கினோம்!
ஒரு தூசியையும் விடாதே என்று
தண்ணீருக்குள் இறக்கிவிட்டோம்.
வேலை முடிந்தது என்று
அதனிடம் யார் சொன்னோம்?

மிசாவோ கோபிக்கவில்லை.
மண்டியிட்டு உட்கார்ந்து இலையைப் புரட்டினார்.
'முதலில் இதன் பசி அடங்கட்டும்,
மிச்சத்தைப் புல் தின்னும்' என்று
உரத்தை ஒன்றரை மடங்காக்கினார். செலவைக் கணக்கிட்டு
என்னைப் பார்த்து ஒருமுறை முறைத்தார், அதுவும் உண்மை.

ஆகஸ்டில் புல் மண்டிவிட்டது.

பாய் பாயாக அறுத்துக் கட்டினார்கள்.
லாரியை இருமுறை கழுவி நான்தான் ஏற்றிப்போனேன்,
கடலோரப் பள்ளிக்கூட மைதானத்துக்கு.
விரித்து முடித்ததும் குழாயைத் திறந்தார்கள்.
எங்கள் நிலையத்துத் தண்ணீர்.
தெளிந்ததைத் தெளித்தார்கள்,
அது விட்டுவந்த சேற்றின்மேலேயே.
என்ஜினை அணைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எதையோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.
ஈரமானது. வேறொன்றும் இல்லை.
ஒரு பையன் ஷூவைக் கழற்றிவிட்டு ஓடினான்,
வழுக்கி விழுந்தான், முழங்காலைப் பார்த்தான்,
மறுபடி ஓடினான்.

இப்போது லாரியின் பின்கதவு இடுக்கில்,
நான் சுரண்டாமல் விட்ட சேற்றில்,
ஒரு கீற்றுப் புல்.
யாரும் உரம் போடவில்லை.
வண்டி கழுவும்போது அதைச் சுற்றிக் கழுவுகிறேன்.

லேசான ஊதா.