எழுத்துகளின் வயிறு

மூன்று கிழமையாய் ஒரே ஒப்படை:
"வெற்றுவெளியை வரைக."
கல்லடிப் பாலத்தடியில் குந்தியிருந்து
இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தெரிந்த வானத்தை
முக்கோணம் முக்கோணமாய் நறுக்கினேன்.
வகுப்பில் ஒன்பது பேர் அதையே நறுக்கியிருந்தார்கள்.
ஷிஃப்னா மட்டும் வெறுந்தாளை ஒட்டிவிட்டு
"வரைஞ்சிட்டன்" என்றாள்.
நல்ல தாள். முந்நூறு கிராம்.
பொறாமை வந்தது, தாளின் மேல்.

பின்னேரம் நாலரைக்கு எனக்கு ஸ்டிக்கர் கடை.
இயந்திரம் வெட்டித் துப்பும் வினைலில்
எழுத்தை விட்டுவிட்டு மிச்சத்தை உரிக்கவேணும்.
சுற்றியிருப்பது ஒரே இழுவையில் வரும்,
பாம்பு கழற்றிய சட்டை மாதிரி.
உள்ளே இருப்பதுதான் வராது.

ப, ட, ர நல்ல பிள்ளைகள்,
கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள்.
க, த, வ, ம எல்லாம் வயிறு வைத்தவை.
ஒவ்வொரு வயிற்றுக்குள்ளும் சாமணத்தை விட்டு
பொட்டளவு நிறத்தைக் கிள்ளி எடுக்கவேணும்.
ண வந்தால் சம்பளம் கூட்டித் தரவேணும்.
முதலாளி தரமாட்டார்.

கிள்ளியதை எங்கே வைக்க?
மேசையில் வைத்தால் அடுத்த பெயரில் ஒட்டும்.
இடது கையில் ஒட்டிக்கொள்வேன்.
மூன்று ஆட்டோக்களின் குலதெய்வங்கள்,
ஒரு சலூன், ஒரு கோழிக்கடை,
எல்லாவற்றின் உள்வயிறும் கையோடு ஏற
பஸ்ஸில் தொங்கிக்கொண்டு விடுதிக்குப் போவேன்.
கண்டக்டர் ஒருமுறை கேட்டார்,
"என்ன தங்கச்சி, தேமலா?"

வியாழக்கிழமை குஞ்சித்தம்பி என்றொருவர் வந்தார்.
ஃபைபர் படகு. நீலம்.
இரண்டு பக்கமும் பெயர், தூரத்துக்குத் தெரியவேணும்.
பெயர்: தவமணி.
யார் என்று நான் கேட்கவில்லை.
"பிழை விடாதீங்க புள்ள,
மறுகா கடலுக்குள்ள வச்சுத் திருத்த ஏலாது."

நாலெழுத்து. நாலும் வயிறு.
பெரிய எழுத்தென்பதால்
ஒவ்வொரு வயிறும் என் உள்ளங்கை அகலம்.
கை போதாமல் தோளில் ஒட்டினேன்,
கழுத்தில் ஒட்டினேன்,
த-வின் வயிறு கன்னத்தில்.

அன்றிரவு விடுதியில் கரண்ட் இல்லை.
ஃபோன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்க் கழற்றி
அலுமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டு போனேன்,
வேறு வைக்க இடமில்லாததால்.
ஒட்டிவிட்டுத் தள்ளி நின்றேன்.

எழுத்து விடிய முதல் கடலுக்குப் போய்விடும்.
எழுத்து சுற்றிவளைத்துப் பிடித்திருந்த இடம்
இங்கே, என் கவுன் தொங்கும் கதவில்.

ஷிஃப்னாவிடம் இன்னுமொரு முந்நூறு கிராம் இருந்தது.
விலை, ஒரு பிளேன்டீ, இரண்டு பணிஸ்.
மூன்று மணிக்குத்தான் படுத்தேன்.
கைவிரலில் பசை, தலையணையும் ஒட்டியது.

திங்கட்கிழமை விமர்சன வகுப்பு.
"மீன் செதிலா?"
"அமீபா."
"அம்பாறைப் பக்கத்துக் குளங்கள்,
மேலயிருந்து பார்த்தா இப்படித்தான்."
விரிவுரையாளர் கிட்ட வந்து பார்த்தார்.
"ஏன் மஞ்சள்?"
கடையில் அந்த ரோல்தான் மலிவு என்று
சொல்ல முடியுமா?

சிற்பப் பிரிவுச் சதுர்ஜன்
சுத்தியல் இரவல் கேட்க வந்தவன்,
வாசலில் நின்றபடி தலையைச் சரித்தான்.
"இது தவமணியெல்லோ?
நாவலடியில எங்கட வீட்டுக்கு முன்னால
காலம்பற இழுத்து வச்சிருந்தாங்க."

பதினாறு தலைகள் ஒரு பக்கம் சரிந்தன.
த என்றது ஒன்று. வ என்றது இன்னொன்று.
யாரோ பின்னாலிருந்து முழுப் பெயரையும்
கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்கள்.
சுத்தியலை அவன் மறந்தே போனான்.

புள்ளி B.
கீழே சிவப்பில், மஞ்சளுக்கு விளக்கம் போதாது.

குளிக்கும்போது முழங்கைக்குப் பின்னால் ஒன்று தட்டுப்பட்டது.
மற்றப் பக்கத்து ண-வின் சின்னச் சுழி.
சவர்க்காரத்துக்கும் அசையவில்லை.

நாளைக்கு ஒரு டியூசன் சென்டராம்:
கணிதம், கணக்கீடு, கணினி.
மூன்று ண.
முதல்முறையாய்
நாலரை எப்போது வரும் என்றிருக்கிறது.