மெய்யெழுத்து

நாடகத்தில் எனக்கு ஐந்து இடம்.
ஐந்திலும் சிரிப்பு வர வேண்டும்.
பாத்திரத்தின் பெயர் பட்டு.
மஞ்சள் சட்டை, கழுத்தில் கைக்குட்டை,
தெருவில் போகிற ஆண்களிடமெல்லாம்
தீப்பெட்டி கேட்கிறவன்.
ஏன் என்று கதையில் கிடையாது.

"கையை இன்னும் கொஞ்சம் ஒடி" என்றார் அர்த்தநாரி சார்.
இரும்பாலைக் குடியிருப்பு, சமுதாயக் கூடம்,
ஜெனரல் ஷிப்ட் முடிந்து ஒத்திகை.
ஒடித்தேன்.
"இன்னும்."

இந்த மணிக்கட்டை
எட்டாம் வகுப்பிலிருந்து நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.
அஸ்தம்பட்டி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது,
ஆத்தூரில் பெண் பார்க்கப் போய்
காபி டம்ளரை வாங்கும்போது.
அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோதுகூட
அதன் மேல் ஒரு கண் இருந்தது.
அதைத்தான் இப்போது
விளக்கடியில் மடக்கச் சொல்கிறார்கள்.
மடக்கியதும் கைதட்டினார்கள்.
"எங்கய்யா புடிச்ச இதை? அப்படியே இருக்கு!"
ஜங்ஷன்ல ஒருத்தரைப் பார்த்து வச்சேன் சார், என்றேன்.

ஜங்ஷனில் பார்த்தது உண்மை.
கோவை பாசஞ்சரிலிருந்து
தோளில் ஒயர் சுருளோடு இறங்கிய இன்னாசி.
எங்கள் நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவன்.

பதினொரு வருடமாக,
அம்மா கேட்டால், கேண்டீனில் கேட்டால்,
நெத்திமேட்டு வீட்டுக்காரர் கேட்டால்,
ஒருத்தர் வருவார்.
ஒருத்தர் கொடுத்தது.
ஒருத்தரோட போயிருந்தேன்.
மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.
அந்த 'ர்' என்ற எழுத்துக்கு அடியில்
ஒரு ஸ்டவ், ஒரு கொசுவலை,
இரண்டு பாய், அதில் ஒன்று பார்வைக்கு,
வைத்துக் குடித்தனம் நடத்தினோம்.
மழைக்கு ஒழுகாத எழுத்து.

ஏற்காடு கோடை விழா, மூன்றாம் நாள்.
ஏரிக்கரையில் மேடை.
பனி வந்து முதல் வரிசையை எடுத்துக்கொண்டது,
பிறகு வட்டாட்சியரை,
பிறகு மைக்கின் தலையை.
மிளகாய் பஜ்ஜி வாசனைதான்
எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தது.

நான்காம் இடம். மாமா கேட்க வேண்டும்:
"ஏன்டா பட்டு, உனக்கொரு கல்யாணம் காட்சி வேணாமா?"
எழுதியிருக்கிற பதில்:
"யாரு கூட மாமா, உங்க கூடவா?"
இருபத்தெட்டு மேடையில் சொல்லியிருக்கிறேன்.
இருபத்தெட்டிலும் வெடித்தது.

அன்று வாயைத் திறந்தேன்.
முதலில் பனிதான் உள்ளே போனது.
"எனக்கு ஒருத்தன் இருக்கான் மாமா."

கை நேராக இருந்தது.
நான் நிமிர்த்தவில்லை,
அதுவாக இருந்தது.

மாமாவிடம் அடுத்த வசனம் இல்லை.
வலது பக்க விளக்கு
கொஞ்சம் ஆடி நின்றது.
ஜெனரேட்டர் சத்தம்.
ஏரியில் யாரோ
படகைச் சங்கிலியால் கட்டுகிற சத்தம்.

அப்புறம் சிரித்தார்கள்.
எப்போதையும்விட அதிகமாக,
மடியில் குழந்தைகள் குலுங்க,
சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.
நான் சொன்னதை
எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பனி விலகிய ஓர் இடைவெளியில்
கடைசி வரிசை தெரிந்தது.
ஒரே போர்வைக்குள் இரண்டு பையன்கள்,
சிரிக்காமல்.
ஒருவன் மற்றவனைப் பார்க்கவில்லை.
மற்றவனும்.
குளிராகவும் இருக்கலாம்.

இரவே வேனில் இறங்கினோம்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் இன்னாசி என் மேல் சாய்ந்தான்.
வளைவு சாய்த்தது என்று யாரும் சொல்லலாம்.
நேர்ச் சாலையிலும் சாய்ந்திருந்தான்,
கீழே சேலத்தின் விளக்குகளில்
எது ஃபியூஸ் போனது என்று பார்க்கிற முகத்தோடு.
"பயந்துட்டேன்டா" என்றான்,
உதடு மட்டும்.

ஆறாம் எண் வளைவில்
முன்சீட்டிலிருந்து அர்த்தநாரி சார் திரும்பினார்.
"ஒருத்தன் இருக்கான்னு போட்டியே,
ஸ்கிரிப்ட்ல இல்லாதது,
நல்லாத்தான் இருந்துச்சு.
வச்சுக்கோ."

வச்சுக்கறேன் சார், என்றேன்.

அடிவாரத்துக்கு
இன்னும் ஐந்து வளைவு இருந்தது.