எச்-எட்டு

ரிச்சி தெருவில் பேரம் பேசி
துண்டு துண்டாக வாங்கிப் பூட்டிய மிஷின்.
கத்திரி வெயிலில் அதற்கும் மூச்சு வாங்குகிறது.
உள்ளே மூன்று விசிறி, மேலே கூரையில் ஒன்று;
பெரம்பூரின் இந்த இரண்டாம் மாடியில்
கடைசியாகக் குளிர்பவன் நான்.

ஓட்டிப் பார்க்க ஓர் ஆட்டம் வேண்டும்.
கைக்கு வந்தது என்னுடையதே:
பன்னிரண்டு வருடத்துக்கு முன், எழும்பூரில் ஒரு ஹால்,
ஒன்பதாம் சுற்று, வெள்ளை நான்,
கருப்பு செல்வின் கொரேரா.
அவன் அப்போதே கிராண்ட்மாஸ்டர்.
எனக்குப் பட்டத்துக்குக் கடைசிப் படி அது,
அரைப் புள்ளி போதாது.

நாற்பத்தாறாம் நகர்வில்
என் ராணி எஃப்-ஏழுக்கு வந்து செக் வைத்தாள்.
கொரேரா பேனாவைச் சட்டைப் பையில் செருகினான்,
கடிகாரத்தை நிறுத்தினான், கை நீட்டினான்.
ஏசி ஓடாத ஹால் அது.
அவன் உள்ளங்கை மட்டும் ஜில்லென்று இருந்தது.

அந்தக் கைகுலுக்கலை வைத்துத்தான்
விசிட்டிங் கார்டு அடித்தேன்,
ஐந்து சர்வர் அட்டைகளில் என் பெயர் ஏற்றினேன்,
பெண் பார்க்கப் போன வீட்டில்
"கிராண்ட்மாஸ்டர்னா மாசம் எவ்வளவு வரும்" என்றபோது
கோபப்படாமல் சிரித்தேன்.

எஞ்சின் அரை நொடிகூட எடுக்கவில்லை.
சென்னை ஆட்டோவில்
யாரும் போடாத மீட்டரைப் போல
மூன்று பூஜ்யம்.

அதன் கீழே ஒரு வரி:
ராஜா எச்-எட்டு.

மூலை.
தானே போய்ப் படுக்கிற குழி என்று
அவன் பார்க்காமல் விட்டது,
நானும் பார்க்காமல் விட்டது.
அங்கே போய் ஒதுங்கிக்கொண்டு
யானையை என் ராஜாவின் மடியில் தள்ளுகிறான்.
எடுத்தால், அவனுக்கு நகர்த்த எதுவுமில்லை: சமன்.
எடுக்காவிட்டால் யானை துரத்துகிறது,
இரண்டாம் வரிசை, முதல் வரிசை, மறுபடி இரண்டாம் வரிசை,
மாதக் கடைசிக் கடன்காரன்போல
வெட்கமே இல்லாமல்.

வேறொரு எஞ்சின் போட்டேன். பூஜ்யம்.
ஆழம் ஐம்பது வரை விட்டேன். பூஜ்யம்.
அது தோற்ற ஆட்டம் என்று சொல்ல
அன்று அந்த மேசையில் இரண்டே பேர்.
இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்,
முடிந்தது.

அடுத்த வருடமே அவன் ஆடுவதை விட்டான்.
தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் கணக்கு
என்று கேள்வி. எண் பழையது.
இரவு ஒன்றரைக்கு
தட்டினேன், அழித்தேன், தட்டினேன்.
மன்னிப்பு மாதிரி வந்ததையெல்லாம் அழித்தபின்
மிஞ்சியது: எச்-எட்டு.

நீல டிக் இரண்டு.

"அன்னைக்கே தெரியும்ல.
முத்துநகர் செங்கல்பட்டு தாண்டல."

செங்கல்பட்டு.
அந்த நேரம் நான் டவுட்டன் பக்கம் ஒரு கடையில்
பத்துப் பேருக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று தட்டி முடிப்பதற்குள்
அடுத்தது வந்தது:
"மிஷின் வச்சிருக்கல்லா?
முப்பத்தொன்னுல குதிரையக் குடுத்தியே,
அதப் போட்டுப் பாத்தியா?
கப்பல் வராத மத்தியானத்துல நான் போர்டு வச்சுப் பாக்கேன்.
எனக்கு ஒண்ணு தோணுது.
விடையச் சொல்லிராத.
சரியா தப்பான்னு மட்டும் சொல்லு."

அந்தக் குதிரை.
மறுநாள் பேப்பரில் கட்டம் போட்டு வந்தது;
லேமினேட் ஆகி
இந்த மானிட்டருக்கு மேலேதான் தொங்குகிறது.
எந்த எஞ்சினுக்கும் நான் காட்டாத இடம்.

இங்கிருந்து அங்கே போக
இடது அம்புக்குறியை முப்பது முறை அழுத்தணும்.
விசிறி இரைகிறது.
கீழே பால் வண்டி ட்ரேக்களை இறக்குகிறது.
பதினெட்டில் நிற்கிறேன்.